புலமைப்பரிசில் பரீட்சை: ஏணியாக வந்தது சல்லடையானது எப்படி?



தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவரும் நாளில் நமது ஊர்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில மணித்தியாலங்களுக்குள் வட்ஸ்அப் குழுமங்கள் நிறைந்துவிடும். அந்த வாரத்துக்குள் கொங்காவெல, வரக்காமுறை, உக்குவளை, ரத்தோட்டை, கலேவெல என்று எங்கும் பதாகை தொங்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம், பெயர், புள்ளி, கீழே பாடசாலையின் பெயர். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். பத்து வயதில் அவர்கள் பட்ட பாடு சின்னப்பாடு அல்ல.

இன்று நாங்கள் எழுத வந்தது அந்தப் பதாகையில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி. கொஞ்சம் நீண்ட பதிவுதான். பழைய வரலாறும் வரும். பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பில், தரம் 3 இல், ஒரு மகன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பான். சொல்வதெழுதல் கொடுத்தால் பாதிச் சொற்கள் வெற்றிடமாக இருக்கும். பக்கத்துப் பிள்ளையிடம் "என்ன சொன்ன? என்ன சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். வகுப்பைக் குழப்புகிறான் என்று கடைசி வாங்குக்கு அனுப்பினோம். முன்னேற்ற அறிக்கையில் இரண்டு தவணைக்கும் ஒரே வசனத்தை எழுதினோம்: "சொல் கேட்பதில்லை, கவனம் போதாது."

அவனுடைய உம்மா வந்து அறிக்கையில் கையொப்பமிட்டார். கோபப்படவில்லை. "இவன்ட மண்டையில ஒன்டும் ஏறுதில்ல டீச்சர். எழுத்துக் கூட்டி வாசிச்சாப் போதும், வாப்பாட கடைக்கு விட்டுருவம்" என்று மட்டும் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

தரம் 4 இல் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடந்தது. வந்த டொக்டர் அவனுடைய காதைப் பார்த்துவிட்டு, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு அனுப்பினார். கைக்குழந்தைக் காலத்திலிருந்தே காது வடிந்திருக்கிறது. ஒரு காது ஏறத்தாழக் கேட்காது, மற்றதில் பாதிதான் கேட்கும். "சொல் கேட்பதில்லை" என்று நாங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவனுக்குச் சொல் கேட்கவில்லை.

அதன் பிறகு அவனை முன்வரிசையில், நல்ல காது எங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தோம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும் பழக்கத்தை விட்டோம். சொல்லிக் கொடுப்பதை எழுதியும் காட்டினோம். அந்த வருட முடிவில் அவன் தனியாக ஒரு கதையை வாசித்து முடித்தான். அவன் அதே பிள்ளைதான். மாறியது நாங்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி எங்களைத் துரத்துகிறது. கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்துவிட்டு வந்த நாங்கள், ஒரு பிள்ளையை ஒன்றரை வருடம் பின்வாங்கில் வைத்திருக்க எப்படிப் பழகினோம்? அதற்கு விடை தேடித்தான் கல்வி வரலாற்றைத் திரும்பப் புரட்டினோம். கண்டதை உங்களோடு பகிர்கிறோம்.

நமது பழைய ஓதப்பள்ளியிலிருந்து தொடங்குவோம். லெப்பையின் முன்னால் இருபது பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் அலிஃப், பா, தா என்று கூட்டிக்கொண்டிருப்பார். அடுத்தவர் அம்ம ஜுஸ்உவில். இன்னொருவர் பகரா சூராவில். ஒவ்வொருவராகப் போய்த் தன் பாடத்தை ஒப்புவிப்பார்கள். சரியாக ஓதினால் அடுத்த பாடம். தடுமாறினால் நாளைக்கும் அதே பாடம். முதலாம் பிள்ளை, முப்பதாம் பிள்ளை என்ற பேச்சு அங்கே இருக்கவில்லை. ஒரு பிள்ளையை நேற்றைய அவனோடுதான் ஒப்பிட்டார்கள். அங்கே பிரம்பும் இருந்தது, பொருள் விளங்காத ஓதலும் இருந்தது, ஓத வராதவர்கள் சத்தமில்லாமல் நின்றுபோனதும் உண்டு. அந்தக் காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருக்கவில்லை.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1862 இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. பரிசோதகர் வருடத்துக்கு ஒருமுறை பாடசாலைக்கு வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பிள்ளை சித்தியடைகிறதோ அதற்கேற்பப் பாடசாலைக்கு அரசாங்கப் பணம். 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்பது இதுதான். இலங்கையில் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அடுத்துவந்த 1870களில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு இங்கேயும் அதே முறை வந்துசேர்ந்தது.

அந்த முறையில் ஒரு பிள்ளையின் பெறுமதி என்னவென்று யோசித்துப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை பாடசாலைக்கு வருமானம். மெதுவாகப் படிக்கும் பிள்ளை நட்டம். ஆசிரியர் என்ன செய்வார்? பரிசோதகர் கேட்கக்கூடிய பந்தியை மனப்பாடமாக்குவார். தேறக்கூடியவர்களைத் தேய்த்துத் தேய்த்துத் தேற்றுவார். தேறாத பிள்ளையில் நேரம் செலவழிக்க மாட்டார். இங்கிலாந்தில் பாடசாலைப் பரிசோதகராகவே வேலை செய்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இந்த முறையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். கற்பித்தல் இயந்திரத்தனமாகிவிட்டது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. கடைசியில் அங்கேயும் இங்கேயும் அதைக் கைவிட்டார்கள். சட்டத்திலிருந்து அது போய்விட்டது. பழக்கத்திலிருந்து போனதா என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

அதே காலத்தில் வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலையின் வாசல் ஒருநாளும் தானாகத் திறந்ததில்லை. யாரோ ஒருவர் தட்டித்தான் திறந்திருக்கிறது.

நமது சமூகத்துக்காகத் தட்டியவர் கண்டியின் சட்டத்தரணி சித்திலெப்பை அவர்கள் (1838–1898). 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நமது பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டும் என்று எழுதினார். பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். எத்தனை எதிர்ப்பு! 1892 இல் கொழும்பு மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது அதன் பின்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். "பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு?" என்று அன்று கேட்டவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று நமது பாடசாலைகளில் ஆசிரியைகள், அதிபர்கள்.

நமது மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் முதலில் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. தோட்ட நிர்வாகம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்க ஒழுங்கு செய்ய வேண்டும் என்றது. நடைமுறையில் அது லயத்தோடு ஒட்டிய ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில்தான் நீண்ட காலம் இருந்தது. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே அந்தப் பிள்ளைகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தார்கள்.

காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்காகத் தட்டியவர் மேரி செப்மன் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி. 1912 இல் அவர் தொடங்கிய பாடசாலைதான் இன்றும் இரத்மலானையில் இருக்கிறது. அதற்கு முன் இந்த நாட்டில் அத்தகைய பிள்ளைக்குப் படிப்பு என்ற ஒன்று இருக்கலாம் என்றே பலர் நினைக்கவில்லை. பின்னர் 1956 இல் யாழ்ப்பாணம் கைதடியில் நப்பீல்ட் பாடசாலை வந்தது. 1960களின் இறுதியில், பார்வை குறைந்த பிள்ளைகளைச் சாதாரண பாடசாலையிலேயே மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைக்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கியது. தனிப் பாடசாலை, பிறகு சாதாரண பாடசாலைக்குள் விசேட கல்வி அலகு, பிறகு ஒரே வகுப்பறை என்று அந்தப் பாதை வந்திருக்கிறது.

இப்போது புலமைப்பரிசிலுக்கு வருவோம். இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் நாம் அந்தப் பரீட்சையைத் திட்டுவதும் பிழை, கொண்டாடுவதும் பிழை.

அம்பலாங்கொடையில் ஒரு சாதாரணப் பாடசாலையில் ஒரு பையன் படித்துக்கொண்டிருந்தான். பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல், பரிசு மேல் பரிசாக வாங்கிய அந்தப் பையனைக் கவனித்தார். தன் கல்லூரியில் புலமைப்பரிசில் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன்தான் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்து, 1945 இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தவர். தனக்குக் கிடைத்த வாய்ப்பு ஓர் அதிபரின் கண்ணில் பட்டதால் வந்தது என்பதை அறிந்தவர். எல்லாக் கிராமத்துக்கும் ஒரு டரல் வருவாரா? வரமாட்டார். ஆகவே 1940களில் கிராமங்களை அண்டி மத்திய கல்லூரிகளை அமைத்து, ஏழைப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சையை வைத்தார்கள். கீழே நிற்கும் பிள்ளைக்கு மேலேயிருந்து இறக்கிய ஏணி அது. எத்தனையோ ஏழை வீடுகளிலிருந்து டொக்டர்களையும் பொறியியலாளர்களையும் அந்த ஏணி உருவாக்கியது. அதை நாம் மறக்கக் கூடாது.

இந்தப் பரீட்சையின் முதல் வினாத்தாளில் வரும் நுண்ணறிவு வினாக்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்கு வரவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்று கண்டுபிடிக்க வழி தேடினார்கள். அதற்காக அல்பிரட் பினே என்பவர் சிமோன் என்ற வைத்தியருடன் சேர்ந்து 1905 இல் ஒரு சோதனையை உருவாக்கினார். நுண்ணறிவு பிறப்போடு முடிந்துபோன அளவு என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. பயிற்சியால் வளரும் என்றார். பின்னர் அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போய், 1917 இல் இலட்சக்கணக்கான படைவீரர்களைத் தரம் பிரிக்கும் கருவியாக மாறியது. உதவி தேவையானவரைத் தேடக் கண்டுபிடித்தது, கழிக்க வேண்டியவரைத் தேடப் பயன்பட்டது.

நமது ஏணிக்கும் இதே கதிதான். 2023 இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் பிள்ளைகள் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். ஏழு பிள்ளைகளில் ஒருவர்! மற்ற ஆறு பேரும் பத்து வயதிலேயே "நான் தோற்றவன்" என்று வீட்டுக்கு வருகிறார்கள். தரம் 3 இலேயே டியூசன் தொடங்குகிறது. விளையாட்டு நிற்கிறது. கடந்தகால வினாத்தாள் பாடப்புத்தகமாகிறது.

பாடசாலைகளில் நடப்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். வெளியூர்த் தாய் ஒருவர் எங்களிடம் அழுதார். மெதுவாகப் படிக்கும் அவரது மகளைப் பரீட்சை அன்று வீட்டில் நிறுத்திக்கொள்ளுமாறு பாடசாலையில் சொல்லியிருக்கிறார்கள். சித்தி வீதம் குறைந்துவிடுமாம். எந்தப் பாடசாலை என்று நாங்கள் எழுதப்போவதில்லை. அது ஒரு பாடசாலையின் பிரச்சினையும் அல்ல. 1870களில் பரிசோதகரின் பணத்துக்காக ஆசிரியர்கள் எந்தப் பிள்ளையைக் கைவிட்டார்களோ, அதே பிள்ளையை இன்று நாம் கைவிடுகிறோம். அன்று அரசாங்கம் ரூபாயில் கொடுத்தது. இன்று ஊர் பதாகையில் கொடுக்கிறது. "உங்கட ஸ்கூல்ல எத்தின பாஸ்?" என்று நாம் கேட்கும் ஒவ்வொரு தடவையும், கழற்றி வீசிய அந்தப் பழைய முறையை மறுபடியும் மாட்டிவிடுகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது தெரியுமா? நம்மைவிட எவ்வளவோ முன்னால். 1994 இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்கள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண பாடசாலை ஏற்க வேண்டும் என்று பிரகடனம் செய்தன. இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடை செய்கிறது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி, 2016 இல் அது 16 வயது வரை உயர்ந்தது. இயலாமையுடையோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் 2016 இல் நமது நாடு உறுதிப்படுத்தியது.

1997 கல்விச் சீர்திருத்தம் இன்னும் அழகானது. தரம் 1 இல் பிள்ளையை இனங்காணும் வேலைத்திட்டம், அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள், பாடசாலை மட்டக் கணிப்பீடு எல்லாம் அதில் வந்தன. பிள்ளை எதைச் செய்கிறது, எதில் தடுமாறுகிறது என்று ஆசிரியர் நாளாந்தம் பார்த்து உதவ வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒரு வகையில், லெப்பையின் முன்னால் தனித்தனியாக ஒப்புவித்த அந்த முறைதான். ஆனால் நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் அது பெரும்பாலும் படிவம் நிரப்பும் வேலையாகிவிட்டது. தமிழ்மொழி மூலத்தில் விசேட கல்வி பயின்ற ஆசிரியர்கள் போதாது. எல்கடுவைப் பக்கமோ லக்கலைப் பக்கமோ இருக்கும் ஒரு தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறித்தான் மாத்தளை வைத்தியசாலைக்கு வர வேண்டும். இவை உண்மையான தடைகள். ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லித் தீராது.

ஆனால் நமக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது. அதற்கு அமைச்சு பொறுப்பல்ல. வெட்கம். மூத்த மகனுக்குக் குறையிருப்பது தெரிந்தால் தங்கச்சிக்குச் சம்மந்தம் வராது என்று பிள்ளையை மறைக்கும் வீடுகள் நமது ஊர்களில் இன்னும் இருக்கின்றன. கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் "பைத்தியம்" என்று பெயர் வந்துவிடும் என்ற பயம்.

கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது கேள்வி கேட்டு வந்த அவர் பொருட்டு, 'அபஸ' சூராவே இறங்கியது. பிற்காலத்தில் அவர் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். நபியவர்கள் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பே அவரிடம் விடப்பட்டதுண்டு. அவரை யாரும் வீட்டுக்குள் மறைக்கவில்லை. நமது காலத்துக்கு அருகில் பார்த்தால் எகிப்தின் தாஹா ஹுசைன். சின்ன வயதிலேயே பிழையான வைத்தியத்தால் பார்வையை இழந்தவர். கிராமத்து மக்தபில் குர்ஆனை மனனம் செய்து, அஸ்ஹருக்கும் பிறகு பாரிஸுக்கும் போய்ப் படித்து, 1950 இல் கல்வி அமைச்சரானார். இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். எகிப்தின் கன்னங்கரா என்று சொன்னாலும் தகும். அந்தக் கிராமத்தில் யாராவது "இவன் கண் தெரியாதவன், இவனுக்கு எதற்கு?" என்று முடிவு கட்டியிருந்தால்?

சரி, நாம் என்ன செய்யலாம்? பெரிய நிதி தேவையில்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

பெற்றோர்களே, பிள்ளையை "மக்கு" என்று சொல்லும் முன் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். தரம் 1, 4, 7, 10 இல் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கும். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். காது வடிந்த கதை, பேச்சு தாமதித்த கதை, வலிப்பு வந்த கதை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் சலுகை வழங்குகிறது. மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், எழுதுவதற்கு உதவியாளர் என்று பிள்ளையின் தேவைக்கேற்ப ஒழுங்குகள் உண்டு. வைத்திய அறிக்கையோடு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தெரியாமலே எத்தனை பிள்ளைகள் இழந்திருப்பார்கள்! வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் போய்ச் சந்தியுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

சக ஆசிரியர்களே, கற்பிக்கும் முறையை மாற்றுவது பாடத்தின் மதிப்பைக் குறைப்பதாகாது. நமது ஊரின் அளுவிகாரையைப் பாருங்கள். நூற்றாண்டுகளாக வாய்மொழியாக ஒப்புவித்து வந்த திரிபிடகத்தை, இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் பிக்குகள் அங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. பஞ்சமும் போரும் வந்து மனனம் செய்தவர்கள் அழிந்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் முறையை மாற்றினார்கள், பாடத்தை அல்ல. எழுத்தில் தடுமாறும் பிள்ளை வாயால் விடை சொல்லட்டும். கேட்காத பிள்ளைக்கு எழுதிக் காட்டுவோம். அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதும் முன், ஏன் என்று ஒரு தடவை கேட்போம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, பழைய மாணவர் சங்கத்தினரே, அடுத்த வருடம் பதாகை அடிக்கும்போது "எத்தனை பாஸ்?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "தரம் 3 இல் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன செய்யலாம்?" மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, கிளினிக்குக்குப் போய்வர வாகனச் செலவு எல்லாம் ஊர் நினைத்தால் முடிகின்ற காரியங்கள். குர்ஆன் மத்ரசாவிலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும்.

கடைசியாக அந்த மகனைப் பற்றி. அவன் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. எந்தப் பதாகையிலும் அவன் படம் வரவில்லை. இப்போது தரம் 8. போன மாதம் மாத்தளைச் சந்தையில் அவனுடைய உம்மாவைக் கண்டோம். "ராவைக்கு அவன்தான் வாப்பாக்கு பேப்பர் வாசிச்சுக் காட்டுறது டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குத்தான் கண் கலங்கியது. ஒன்றரை வருடம் கடைசி வாங்கில் இருந்த பிள்ளை அவன்.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் வகுப்பில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள்.

அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த எல்லா அமானிதங்களையும் பேணி நடக்க நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.